பேயோட்டும் இசை: தன்வரலாற்று ஆவணப்படமும் பின்னணி ஒலியின் அரசியலும்

1

ஊமைப்பட காலத்துத் திரையரங்குகளில் எதற்காகப் பியானோ வாசித்தார்கள் என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: புரொஜக்டர் போடும் இரைச்சலை அமுக்குவதற்கு. ஹான்ஸ் ஐஸ்லரும் தியோடர் அடோர்னோவும் சேர்ந்து எழுதி 1947இல் வெளிவந்த திரைப்பட இசை குறித்த நூல் இந்தப் பதிலோடு நின்றுவிடவில்லை. திரையில் மனிதர்கள் நடக்கிறார்கள், வாயசைக்கிறார்கள், சத்தம் மட்டும் வருவதில்லை. உயிரோடு இருப்பதாகவும் இல்லாததாகவும் ஒரே நேரத்தில் தெரியும் இந்த உருவங்கள் பார்வையாளருக்குள் ஒரு பேய்ப்பயத்தைக் கிளப்புகின்றன. அந்தப் பயத்தை ஆற்றுவதற்கே இசை வந்தது என்கிறார்கள் அவர்கள். சுடுகாட்டுப் பாதையில் ராத்திரி தனியாகப் போகிறவன் உரக்கப் பாடிக்கொண்டு போவானே, அந்த மாதிரி என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த நூல் வெளிவந்த விதமே ஒரு பேய்க்கதைதான். அட்டையில் ஐஸ்லரின் பெயர் மட்டுமே இருந்தது. அமெரிக்காவில் கம்யூனிச வேட்டை தொடங்கி, விசாரணைக்குழுவின் முன் ஐஸ்லர் நிறுத்தப்பட்ட சமயம் அது. அடோர்னோ தன் பெயரை விலக்கிக்கொண்டார். 1948இல் ஐஸ்லர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார். ஆனால் நூலின் அந்தக் கருதுகோள் நமக்கு இன்று வேறொரு இடத்தில் பயன்படும் என்று நினைக்கிறேன்.

தன்வரலாற்று ஆவணப்படம் என்று இங்கே நான் சொல்வது, இயக்குநர் தன் அப்பாவை, தன் வீட்டை, தன் நோயை, தான் விட்டுவந்த ஊரைத் தானே படமாக்கி, ‘நான்’ என்று பேசும் படங்களை. கேமராவும் கணினிப் படத்தொகுப்பும் கைக்கெட்டும் விலைக்கு வந்தபின், செல்பேசியிலேயே படமெடுக்கலாம் என்றானபின், நம்மிடையேயும் இத்தகைய படங்கள் பெருகியிருக்கின்றன. இவற்றின் கச்சாப்பொருள் என்ன? பழைய புகைப்படம், கடிதம், ஒலிநாடா, ஆளில்லாத அறை, இறந்தவர் உட்கார்ந்த நாற்காலி. அதாவது இந்த வகைப்படம் முழுக்கவே ஆவிகளால் ஆனது. போனவரைத் திரும்ப அழைத்து எதிரே நிறுத்தி, கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்பதுதான் இதன் காரியம். அப்படியிருக்க, பேயை விரட்டுவதற்கென்றே வந்த ஒன்றை இதற்குள் கொண்டுவந்து வைக்கும்போது என்ன நடக்கிறது?

நம் மரபில் இசைக்கு இரண்டு வேலையும் உண்டு. உடுக்கை பேயை ஓட்டவும் அடிக்கப்படும், இறந்தவரை வரவழைத்து வாய்திறக்க வைக்கவும் அடிக்கப்படும். அடிக்கிறவனுக்கு எதற்காக அடிக்கிறோம் என்பது தெரியும். படத்தொகுப்பு அறையில் பெரும்பாலும் அது தெரியாமலேயே அடிக்கப்படுகிறது என்பதே என் புகார்.

2

முதலில் அந்த அறைக்குள் நடப்பதைப் பார்ப்போம். இறந்துபோன தாயின் கருப்புவெள்ளைப் புகைப்படம் எட்டு விநாடி திரையில் நிற்கிறது. எட்டு விநாடி என்பது மௌனத்தில் ரொம்ப நீளம். ஆறாவது விநாடியில் பார்ப்பவருக்கு ஒரு சங்கடம் வருகிறது. அந்த முகம் நம்மைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குகிறது. ‘இழுவையா இருக்கே, கொஞ்சம் ஃப்ளூட் போட்டுட்டா தூக்கிரும்’ என்று யாராவது சொல்வார்கள். போட்டதும் நிஜமாகவே தூக்கிவிடுகிறது. எட்டு விநாடி மூன்று விநாடியாகத் தெரிகிறது. சங்கடம் போய்விட்டது. அம்மாவும் போய்விட்டாள். அங்கே இருப்பது ‘தாய்மை’ என்ற பொதுப்பெயர்.

இன்னொன்றும் நடக்கிறது. தொகுக்கும்போது தற்காலிகமாக ஏதோ ஒரு படத்தின் இசையை எடுத்து அடியில் ஓடவிடுவார்கள். நாலு வாரம் அதையே கேட்டுக் கேட்டு, வெட்டுகள் அந்தத் தாளத்துக்குத் தக்கபடி விழத் தொடங்குகின்றன. பாட்டி பேச்சை எங்கே நிறுத்தினாள் என்பதைவிட வயலின் எங்கே நிறுத்தியது என்பது முக்கியமாகிவிடுகிறது. பிறகு அந்த இசையை எடுத்தாலும் அதன் எலும்புக்கூடு படத்துக்குள் தங்கிவிடும். பாட்டியின் மூச்சு வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

அகப்பாடல்களுக்குக் கீழே கூற்று குறிக்கப்பட்டிருக்கும்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று. யார் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்பது தெரியாமல் பாடலுக்குள் நுழையவே முடியாது. பின்னணி இசைக்குக் கூற்று கிடையாது. அது யாருடைய வாயிலிருந்தும் வருவதில்லை, எனவே அதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. புனைகதைப் படத்தில் இது பெரிய சிக்கல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே எல்லாமே ஏற்பாடு என்று பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் ‘நான்’ என்று சொல்லும் படம் சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கிறது. ‘என் அப்பாவை எனக்குப் பிடிக்காது’ என்று குரல் சொல்லிக்கொண்டிருக்க, அடியில் ஓடும் இசை ‘இல்லை, இவளுக்கு அவர்மேல் பாசம்தான்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் எந்த ‘நான்’ உண்மை? இசை இங்கே இரண்டாவது தன்னிலையாக, குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது பெரும்பாலும் குடும்பத்தின், சாதியின், பொதுப்புத்தியின் பக்கம் நின்றே சாட்சி சொல்கிறது.

எனவே கேட்கவேண்டியது: இது யார் கூற்று? ஆவணப்பட வரலாற்றில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த சில விடைகளை மட்டும் இங்கே பார்க்கலாம். அவற்றில் சில ‘நான்’ என்ற சொல் இப்படங்களுக்குள் வருவதற்கு முன்னரே உருவானவை.

3

முதல் விடை: எதிரிசை.

1933இல் ஸ்பெயினின் லாஸ் உர்தெஸ் என்ற மலைப்பகுதியில் லூயி புனுவல் ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்தார். ரமோன் அசீன் என்ற அனார்க்கிச நண்பருக்கு லாட்டரியில் விழுந்த பணம்தான் முதலீடு. தொகுப்புக் கருவிகூட இல்லாமல், சமையலறை மேஜையில் பூதக்கண்ணாடி வைத்துத் தொகுத்ததாகப் புனுவல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பசி, நோய், இறந்த குழந்தை எனக் காட்சிகள் போய்க்கொண்டேயிருக்கின்றன. மேலே எந்த உணர்ச்சியும் காட்டாத வர்ணனைக் குரல். அதோடு பிராம்ஸின் நான்காவது சிம்பொனி. அந்தப் பெருமிதமான இசைக்கும் இந்த மக்களுக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஒட்டாததுதான் விஷயம். இப்படியொரு சிம்பொனியை உண்டாக்கிய அதே ஐரோப்பாதான் இந்தக் குழந்தையையும் உண்டாக்கியது என்ற செய்தி வர்ணனையில் இல்லை, காட்சியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் இருக்கிறது. இரக்கப்பட்டுவிட்டு எழுந்துபோகும் வசதி பார்ப்பவருக்குத் தரப்படவில்லை. ஸ்பானியக் குடியரசு அரசே இப்படத்தைத் தடைசெய்தது.

ஐஸ்லர் இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். ‘கூலே வாம்பே’ (1932) படத்தில் பெர்லின் தொழிலாளர் குடியிருப்புகளின் சிதைந்த சுவர்கள் காட்டப்படும்போது அவர் சோக இசை போடவில்லை. வேகமான, கூர்மையான இசையைப் போட்டார். வறுமையைப் பார்த்து உருகுவதற்குப் பதில் எதிர்ப்புத் தோன்றவேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கு அதன் உச்சத்துக்குப் போனது அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ படத்தில். நாஜி வதைமுகாம்கள் பற்றிய இந்த 32 நிமிடப் படத்துக்கு 1955இன் இறுதியில் ஐஸ்லர் இசையமைத்தார். வர்ணனை எழுதிய ழான் கேரோல் மௌட்ஹவுசன் முகாமிலிருந்து உயிரோடு மீண்ட கவிஞர். படத்தின் குரல் ஒரு வரலாற்றாசிரியருடையதாக இல்லாமல், திரும்பிவந்து நின்று பார்க்கும் ஒருவனுடையதாக இருப்பதற்கு இதுவே காரணம். ஐஸ்லரோ யூதத் தந்தையின் மகன். ஹிட்லரால் துரத்தப்பட்டு, பிறகு அமெரிக்காவாலும் துரத்தப்பட்டவர். இரண்டு பேருமே வேண்டுமளவு ஓலமிட உரிமையுள்ளவர்கள்.

அவர்கள் ஓலமிடவில்லை. காட்சி மிகக் கொடூரமாகும் இடங்களில் இசை மெலிந்துவிடுகிறது. சில தந்திகளை விரலால் சுண்டும் ஒலி, ஒரு குழலின் மெல்லிய வரி, அவ்வளவுதான். புதைகுழிக்குள் புல்டோசர் பிணங்களைத் தள்ளும்போது வாத்தியக்குழு முழுவதும் எழுந்து அலறியிருந்தால், அந்த அலறல் நமக்குப் பதிலாக அலறித் தீர்த்திருக்கும். நாம் காப்பாற்றப்பட்டிருப்போம். ஐஸ்லர் அப்படிக் காப்பாற்ற மறுக்கிறார். பேயை ஓட்ட வந்த இசையைக் கொண்டே பேயை உட்காரவைத்த இடம் இது.

இந்த எதிரிசை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையையும் இன்னொரு வீட்டில் மணமுழவையும் ஒரே மூச்சில் கேட்கவைக்கிறார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபோதுதான் உலகைப் படைத்தவன்மேல் கோபம் வருகிறது. சாவு வீட்டுக்குச் சாவு இசை மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் பாட்டில் துக்கம் இருந்திருக்கும், கேள்வி இருந்திருக்காது.

ஆனால் தன்வரலாற்றுப் படத்துக்கு இந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எதிரிசைக்கு ஒரு விலகல் தேவை. தன் தாயின்மேல் பிராம்ஸை ஓடவிடும் மகன் கெட்டிக்காரனாகத் தெரியும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. முரண் என்பதும் ஒரு கட்டத்தில் பேயோட்டும் உத்தியாகிவிடும். சிரித்துவிட்டால் பயம் போய்விடும் அல்லவா?

4

இரண்டாவது விடை: இசையே வேண்டாம்.

1960 வாக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியும் சத்தம் போடாத கையடக்கக் கேமராக்களும் வந்தபின், காட்சியோடு சேர்ந்த நேரடி ஒலி சாத்தியமானது. வர்ணனையும் இசையும் பழைய பாவங்களாகத் தள்ளிவைக்கப்பட்டன. ழான் ரூஷும் எட்கார் மோரனும் எடுத்த ‘ஒரு கோடையின் வரலாறு’ (1961) படத்தில் ஒரு காட்சி. மார்சலின் லோரிதான் பாரிஸ் நகரச் சதுக்கம் ஒன்றில் தனியாக நடந்துவருகிறார். பதினைந்து வயதில் தந்தையோடு கைதுசெய்யப்பட்டு வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர், தந்தை திரும்பவில்லை. நாக்ராவைத் தானே சுமந்துகொண்டு, அந்தத் தந்தையோடு பேசிக்கொண்டு நடக்கிறார். கேமரா காரில் பின்னோக்கி விலகிக்கொண்டே போகிறது. உருவம் சிறுத்துக்கொண்டே போக, குரல் மட்டும் காதோரமாகவே இருக்கிறது. காலடி, தூரத்து வண்டிச் சத்தம், முணுமுணுப்பு. இசை இல்லை. ஆவியோடு பேசும் ஒருத்தியின் பக்கத்தில் நாம் நிற்க முடிகிறதென்றால், அந்தக் குரலுக்கும் நமக்கும் நடுவே வேறு யாரும் நுழையாததால்தான்.

ஷந்தால் ஆக்கர்மானின் ‘வீட்டிலிருந்து செய்தி’ (1977) இந்த வழியை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இருந்த மகளுக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து தாய் எழுதிய கடிதங்கள். ஏன் எழுதமாட்டேன் என்கிறாய், கடையில் வியாபாரம் மந்தம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னாருக்குக் கல்யாணம் என்று சாதாரண அம்மாக்கள் எழுதும் சாதாரண விஷயங்கள். மகள் அவற்றை ஒரே தொனியில் வாசித்துக்கொண்டு போகிறார். திரையில் நியூயார்க் தெருக்கள், சுரங்க ரயில். அவ்வப்போது ரயிலின் இரைச்சல் எழுந்து அம்மாவின் சொற்களை மூடிவிடுகிறது. அந்தத் தாய் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர் என்று படம் நமக்குச் சொல்வதில்லை. ஆனால் அந்த இரைச்சல் ஒவ்வொரு முறை எழும்போதும், காது கொடுக்காத மகளின் குற்றம் நமக்குக் கேட்கிறது. இங்கே ஒரு பியானோ வந்திருந்தால் ஏக்கம் வந்திருக்கும், குற்றம் கேட்டிருக்காது. அந்த ரயில் சத்தத்துக்குக் கூற்று எழுதச் சொன்னால் நான் ‘மகள் கூற்று’ என்றே எழுதுவேன்.

சரி, அப்போ மௌனம்தான் உத்தமம் என்று முடித்துவிடலாமா? முடியாது. இசையின்மை இன்று விழாப்படங்களின் ருசியாக, ஒரு வகைக் கௌரவமாக மாறியிருக்கிறது. மௌனமும் ஒரு வர்க்கத்தின் சொத்துதான். தனி அறை உள்ளவர்களின் நினைவில் மௌனம் இருக்கலாம். ஒண்டுக்குடித்தனத்தில், காலனியில், லைன் வீடுகளில் வளர்ந்தவர்களின் நினைவில் மௌனம் ஏது? கோயில் ஒலிபெருக்கி, டீக்கடை ரேடியோ, பக்கத்துவீட்டு டிவி, கல்யாணத்துக்கு மூன்று நாள் கட்டிய குழாய் எல்லாமே சேர்ந்ததுதான் அவர்களுடைய பால்யம். அந்தச் சத்தத்தையெல்லாம் துடைத்துவிட்டு ‘சுத்தமான’ மௌனத்தை வைப்பதும் ஒரு பேயோட்டல்தான். ஓட்டப்படுவது வேறு பேய், அவ்வளவே.

இதற்கு நேரெதிர்க் கோடியில் டெரக் ஜார்மனின் ‘நீலம்’ (1993) நிற்கிறது. எய்ட்ஸ் நோயால் பார்வையை இழந்துகொண்டிருந்த ஜார்மன், 79 நிமிடமும் திரையில் ஒரே நீல வண்ணத்தை வைத்தார். மற்றதெல்லாம் ஒலி: குரல்கள், மருத்துவமனைச் சத்தங்கள், சைமன் ஃபிஷர் டர்னரின் இசை. பிரிட்டனில் தொலைக்காட்சியும் வானொலியும் ஒரே நேரத்தில் அதை ஒலிபரப்பின. சில மாதங்களில், 1994 பிப்ரவரியில், அவர் இறந்துபோனார். இசை நிறைய இருந்தும் அது காட்சியை அலங்கரிக்கவில்லை, ஏனென்றால் அலங்கரிக்கக் காட்சியே இல்லை. பார்வை போகிறவனுக்கு உலகம் எப்படி வந்துசேருமோ அப்படி வந்துசேர்கிறது. அந்த இசைக்குக் கூற்று உண்டு.

5

மூன்றாவது விடை: பாட்டையே சாட்சியாக்குவது.

ஜோனாஸ் மேகஸ் 1944இல் லிதுவேனியாவை விட்டு ஓடி, ஜெர்மனியில் கட்டாய உழைப்பு முகாம், அகதி முகாம் எல்லாம் கடந்து 1949இல் நியூயார்க் வந்தவர். வந்தவுடன் கடன்வாங்கி ஒரு போலெக்ஸ் கேமரா வாங்கினார். ஒலி பதியாத கேமரா அது. ஆகவே அவரது நாட்குறிப்புப் படங்களின் ஒலி எல்லாமே தனியாகப் பதியப்பட்டு, பின்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டது. ‘வால்டன்’ (1969) படத்தில் ஷோப்பேனின் பியானோவும் சுரங்க ரயிலின் இரைச்சலும் மாறிமாறி வருகின்றன. ‘லிதுவேனியப் பயணத்தின் நினைவுகள்’ (1972) படத்தில், 27 ஆண்டுகள் கழித்துத் தாயைப் பார்க்க ஊருக்குப் போகிறார். அங்கே உறவினர்கள் கூடிப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு படத்தின்மேல் ஊற்றப்பட்டதல்ல. அந்த வீட்டில், அந்த மேஜையில், வயதான குரல்களில் பாடப்பட்டது. பிசிறும் மூச்சிரைப்பும் அதில் இருக்கின்றன. இவ்வளவு வருஷத்தில் என்ன போனது என்பதை அந்தப் பிசிறு சொல்கிறது. அன்னியமான ஸ்டூடியோ இசையால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் மேகஸைக் கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம். 2018இல் வரலாற்றாய்வாளர் மைக்கேல் காஸ்பர் எழுதிய ஒரு கட்டுரை அவ்வாறு போகவிடவில்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மேகஸ் எழுதிய, பணியாற்றிய பத்திரிகைகள் பற்றியும், அவரது ஊருக்குப் பக்கத்து நகரமான பிர்ஜாயின் யூதர்கள் 1941இல் கொன்று குவிக்கப்பட்டது பற்றியும், அவரது நினைவுப்படங்களில் அந்த மக்கள் இல்லாமலிருப்பது பற்றியும் அக்கட்டுரை கேட்டது. பெரும் சர்ச்சை எழுந்தது. மேகஸின் குற்றமின்மையோ குற்றமோ இங்கே என் தீர்ப்புக்குரியதல்ல. ஆனால் இசையைப் பற்றி இது ஒரு முக்கியமான பாடத்தைத் தருகிறது. நாட்டுப்பாடல் தன் இறந்தவர்களை அழைக்கிறது. அழைக்கும் அதே நேரத்தில் அது வேறு சில இறந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடவும் முடியும். ‘நம் மண்ணின் இசை’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த மண்ணில் யார் யார் புதைந்திருக்கிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

இந்தியச் சூழலில் இதை யோசிக்கையில் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’. 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் பல பத்தாண்டுகளாகத் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டிய படங்கள் நம் காதுகளைப் பழக்கிவைத்திருந்த விதம் எல்லோருக்கும் தெரியும். கிராமம் என்றால் புல்லாங்குழல், அணைக்கட்டு என்றால் முரசு, பழங்குடி என்றால் உருமி மாதிரி ஏதோ ஒன்று. அந்த இசையைக் கூற்று வகையில் சேர்த்தால் ‘அரசு கூற்று’ என்றுதான் எழுதவேண்டும். அந்நிறுவனம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காது இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. பட்வர்தனின் படம் இதற்கு வெளியே இருக்கிறது. விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் அவரது ‘பம்பாய் நம் நகரம்’ (1985) படத்தில் பாடியவர். 1997 ஜூலை 11 அன்று பம்பாய் ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். சில நாட்களில் கோக்ரே தூக்கிட்டுக்கொண்டார். அந்தச் சாவிலிருந்து தொடங்கி பட்வர்தன் 14 ஆண்டுகள் படமெடுத்தார். 2011இல் முடிந்த அந்தப் படத்தின் முதுகெலும்பு பாட்டு. செத்துப்போன தோழனின் பாட்டு, தெருவில் பாடுகிறவர்களின் பாட்டு, கபீர் கலா மஞ்ச்சின் ஷீதல் சாத்தேயின் பாட்டு.

அதைத் தன்வரலாற்றுப் படம் என்று யாரும் வகைப்படுத்தமாட்டார்கள். இருந்தாலும் அதற்குள் ஒரு தனிமனிதத் துக்கம் இருக்கிறது: என் படத்தில் பாடியவன் இல்லை. அந்தத் துக்கத்தைச் சொல்லத் தனியாக ஒரு இசை தேவைப்படவில்லை. அவனுடைய பாட்டே திரும்ப வந்து நிற்கிறது. பாடுகிறவர் முகம் தெரிகிறது, எந்தத் தெருவில் எந்தக் கூட்டத்தின் முன்னால் என்பது தெரிகிறது. பாடியதற்காகத் தலைமறைவாகப் போகவேண்டியிருந்தவர்களும் அவர்களுள் உண்டு. இப்படிப்பட்ட இசையைத் ‘தூக்கிரும்’ என்ற கணக்கில் யாரும் போடமுடியாது.

இங்கே நம்மூர்ப் பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடந்த பல ஆண்டுகளாக ஆவணப்படங்களில் ‘எழுச்சி’ வேண்டுமென்றால் பறையை ஓடவிடுவது வழக்கமாகியிருக்கிறது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்துப் போராடியவர்களும் இருக்கிறார்கள், அதே பறையை விடுதலையின் கருவியாகத் திரும்ப எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு மகன் தன் தகப்பனைப் பற்றி எடுக்கும் படத்தில் அந்தச் சத்தம் வரும்போது, அது தகப்பன் அடிக்க நிர்ப்பந்திக்கப்பட்ட பறையா, அடிக்க மறுத்த பறையா, மகன் கற்றுக்கொண்ட பறையா? மூன்றும் மூன்று வரலாறு. தொகுப்புக் கணினியில் மூன்றும் ஒரே கோப்பு.

6

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சினிமாப் பாட்டு.

தமிழ்க் குடும்பத்தின் ஞாபகத்திலிருந்து சினிமாப் பாட்டை நீக்கினால் என்ன மிச்சமிருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு பெண் மில் தொழிலாளியாக இருந்து இறந்த தன் தந்தையைப் பற்றிப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார். தந்தையின் குரல் என்று மிஞ்சியது ஒரே ஒரு கேஸட். ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அவர் பாட்டுப் பிடித்தது. பாட்டு போய்க்கொண்டிருக்க, நடுவில் அவர் இருமுவது கேட்கிறது. ‘ஏய், கதவச் சாத்து’ என்று யாரையோ அதட்டுவது கேட்கிறது. அந்த அதட்டல் அவருக்குச் சொந்தம். பாட்டு கம்பெனிக்குச் சொந்தம். இரண்டையும் பிரிக்க முடியாது.

சட்டம் இதைப் பிரித்தே பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாட்டுக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் இறந்த பின்பும் 60 ஆண்டுகள். சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று சில விலக்குகள் உண்டு. ‘அப்பாவின் இருமலுக்குப் பின்னால் ஓடியது’ என்று ஒரு விலக்கு பெயர் சொல்லி எழுதப்படவில்லை. இணையத்தில் ஏற்றினால் இயந்திரமே பாட்டை அடையாளம் கண்டு ஒலியை அடைத்துவிடக்கூடும், கூடவே அப்பாவையும். அமெரிக்காவில் ஜொனாதன் கௌவெட் தன் மனநோயாளித் தாயைப் பற்றி வீட்டுக் கணினியில் தொகுத்த ‘டார்னேஷன்’ (2003) படத்தின் தயாரிப்புச் செலவு 218 டாலர் என்றும், பாடல், படத்துணுக்கு உரிமைகளைத் தீர்த்து வெளியிடுவதற்குள் அது நாலு லட்சம் டாலர் அளவுக்குப் போனது என்றும் அப்போது பரவலாக எழுதப்பட்டது. கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தைப் பதிவுசெய்த ‘ஐஸ் ஆன் த ப்ரைஸ்’ தொடர் (1987), பாட்டுக்கும் பழைய படச்சுருளுக்கும் வாங்கிய அனுமதிகள் காலாவதியானதால் பல ஆண்டுகள் ஒளிபரப்ப முடியாமல் கிடந்து, 2006இல்தான் திரும்பி வந்தது. ஒரு மக்கள்கூட்டத்தின் நினைவுக்கே வாடகைச் சீட்டு கட்டவேண்டியிருக்கிறது.

இதனால் என்ன நடக்கிறதென்றால், அசல் பாட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உரிமச் சிக்கலில்லாத ‘சோகம்-3’, ‘நம்பிக்கை-7’ என்ற ரகத்தில் இணையத்தில் கிடைக்கும் இசைத்துண்டுகளைப் போடுகிறார்கள். எந்த ஊரிலும் பிறக்காத, யாரும் யாருக்காகவும் வாசிக்காத இசை அது. கூற்றே இல்லாத இசையின் உச்சம் என்று அதைச் சொல்லலாம். என் தோழியிடம் நான் சொன்னது: பாட்டை வைக்க முடியாதென்றால், பாட்டை அடைத்த இடத்தை அடைத்ததாகவே கேட்கவிடு. ‘இங்கே ஒரு பாட்டு இருந்தது, அதன் முதலாளி இன்னார்’ என்று திரையில் எழுது. இருமல் மட்டும் மிஞ்சட்டும். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

7

இவ்வளவும் சொன்னபின் சூத்திரம் ஏதாவது தரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு என்னிடம் சூத்திரம் இல்லை. ஆனால் சில நடைமுறை விஷயங்கள் இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன.

முதல் தொகுப்பை இசையே இல்லாமல் முடிக்க வேண்டும். எங்கே சங்கடம் வருகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இசை போடவேண்டும் என்று கை துடிக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும், படம் உண்மையில் தொடங்கும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். அங்கே இசைக்குப் பதில் இன்னும் இரண்டு விநாடி கொடுத்துப் பார்க்கலாம்.

இசை வருகிறதென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும்: ஒரு வாய், ஒரு கருவி, ஒரு ரேடியோ, அல்லது ‘இது நான் பின்னால் கொண்டுவந்து வைத்தது’ என்ற ஒப்புதல். அது தொடங்குவதும் நிற்பதும் காதில் விழவேண்டும். பேச்சுக்கு அடியில், கேட்டும் கேட்காமலும் ஓடும் இசைதான் எல்லாவற்றிலும் மோசம். கேட்கவில்லை என்று நினைக்கிறோம். அதற்குள் அது வேலையை முடித்துவிடுகிறது. படத்தில் பேசுகிறவர் உயிரோடிருந்தால் அவர் பேச்சுக்கு அடியில் போட்ட இசையை அவருக்கே போட்டுக்காட்டலாம். ‘நான் அழுதப்ப எதுக்குடா வயலின் வாசிக்கிற?’ என்று ஓர் அம்மா கேட்டால், அதைவிடச் சிறந்த விமர்சனம் எந்தச் சிறுபத்திரிகையிலும் வராது.

கடைசியாக, இது உத்தி பற்றிய விவாதம் மட்டுமல்ல. கலவரத்தில், ஆணவக்கொலையில், போரில், முகாமில் உறவுகளை இழந்தவர்கள் இன்று தாங்களே கேமராவைக் கையிலெடுத்துப் படம் செய்கிறார்கள். அவர்களது படங்கள் நீதி கேட்டு வருபவை. இசை அவற்றை உருக்கமான படங்களாக மாற்றிவிட்டால், பார்ப்பவர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார். வழக்கு அங்கேயே தள்ளுபடியாகிவிடும். இறந்தவர்கள் நம்மிடம் அழுகையைக் கேட்டு வருவதாக நான் நம்பவில்லை. அவர்கள் பதில் கேட்டு வருகிறார்கள். அந்தப் பதிலைச் சொல்லத் தயாராகும்வரை, அவர்களை அனுப்பிவைக்கும் வாத்தியத்தைத் தொடாமலிருப்பது படத்தொகுப்பு மேஜையின் குறைந்தபட்ச மரியாதை.